அட்ஜஸ்ட் ஆயிடும் சார்

சாப்பாட்டு மேஜையின் மூன்றாவது காலில் அவர் ரம்பத்தை வைத்தபோதுதான் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க சத்தம்?"

"மேஜை சாயுது. சரி பண்றேன்."

"காலையில ஒரு காலை அறுத்தீங்க. அப்பவும் சரி பண்றேன்னுதான் சொன்னீங்க."

"அது கொஞ்சம் கூடுதலா போயிடுச்சு. அதுக்கு ஈடா எதிர்ப்பக்கம் அறுத்தேன். இப்ப இந்த மூலை தூக்குது."

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். இனி அதன் முன் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். இன்னும் இரண்டு முறை சரி செய்தால் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

"தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நீங்க சாதிக்கிறது தெரிஞ்ச கதை. மேஜைக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் இல்லை. புதுக் கண்ணாடி போட்ட நாளிலிருந்து வீட்டில் எதுவும் நேராக நிற்கவில்லை. கதவு சாய்ந்திருந்தது, கடிகாரம் சாய்ந்திருந்தது, தரை ஒரு பக்கமாகச் சரிந்து தெருவைப் பார்த்துப் போனது.

"புதுக் கண்ணாடிங்க. நாலு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க," என்றாள் மனைவி.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் ரம்பம் நின்றது.

அவர் தராசு பழுதுபார்க்கிறவர். பட்டறையில் அவருக்கு 'முள்ளு' என்று பெயர். தராசு முள்ளைப் போல நடுவில் நிற்பார், அந்தப் பக்கமும் சாயமாட்டார், இந்தப் பக்கமும் சாயமாட்டார் என்று ஆரம்பத்தில் மரியாதையாக வைத்த பெயர். குத்தும் என்ற பொருளும் அதற்கு உண்டென்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

'அட்ஜஸ்ட்' என்பது அவருக்குத் தொழில் சொல். ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் முள் நடுவுக்கு வரும். அதற்குப் பெயர் அட்ஜஸ்ட். அந்த ஒரு வேலைக்காகப் பிறந்த ஆங்கிலச் சொல்லை ஊரே இழுத்துப் போட்டு மிதிக்கிறது என்பது அவருடைய நெடுநாள் வருத்தம். பஸ்ஸில் மூன்று பேர் உட்காருகிற இடத்தில் நாலாவது ஆள் வந்து நின்று, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றால், நீ பாதி உடம்போடு உட்கார் என்று பொருள். கடைக்காரன் எடை குறைவாகப் போட்டுவிட்டு அதையே சொன்னால், வாயைத் திறக்காதே என்று பொருள். பெண் கேட்டு வந்தவர்கள், "பையன் கொஞ்சம் கோபக்காரன், பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்றால் அதன் பொருளைச் சொல்லவே வேண்டாம். ஒரு வினைச்சொல்லின் தலையில் இத்தனை மூட்டையை ஏற்றினால் அது எப்படி நேராக நிற்கும் என்று அவர் கேட்பார்.

"பொருளைத்தான் அட்ஜஸ்ட் பண்ணணும்," என்றார் இப்போதும். "மனுஷன் அட்ஜஸ்ட் ஆக ஆரம்பிச்சா, அப்புறம் எடைக்கல்லுக்கு என்ன மரியாதை? என் ஆயுசுல நான் எதுக்கும் அட்ஜஸ்ட் ஆனதில்லை."

"அது எனக்குத் தெரியாதா," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அவளுக்கும் அந்தச் சொல்தான் பிழைப்பு. கடையில் வாங்கிய உடுப்புகளை ஆளுக்குத் தகுந்தபடி பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவள். வாசல் அறையில் தையல் மெஷின். "இடுப்புல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க" என்று கேட்டு வராத வீடு அந்தத் தெருவில் இல்லை. உடம்பைப் பிரித்துத் தைக்க முடியாது, துணியைப் பிரித்துத் தைக்கலாம். அவளுடைய தத்துவம் அவ்வளவுதான். குடும்பத்திலும் அதையே வைத்து ஓட்டிவந்தாள்.

கண்ணாடி விஷயத்தில் ஆரம்பத்திலேயே ஒரு சின்னத் தகராறு நடந்திருந்தது. மூத்த மகள் கல்யாணத்தின்போது வாங்கிய பழைய கண்ணாடிகள் இரண்டு பேருக்கும் கீறல் விழுந்துபோயிருந்தன. அப்போது வாங்கிய கடை மூடி எவ்வளவோ காலமாகிறது. வேறு கடைக்குப் போனார்கள். பழையபடியே இருவருக்கும் ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டம் போதும் என்றாள் மனைவி. ஒன்றில் திருகு விழுந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துப் போடலாம் என்பது அவள் கணக்கு.

கண்ணைச் சோதித்த கடைப் பெண், "பழைய கண்ணாடியைக் குடுங்க சார். பவரைப் பார்த்துக்கறேன்," என்றாள்.

"எதுக்கு? பழைய தராசை வச்சுப் புதுத் தராசைச் சரிபார்ப்பாங்களா? நீ புதுசா அளந்து எடும்மா."

கடைப் பெண் பலரையும் பார்த்தவள். புதிதாகவே அளந்து எடுத்தாள். கண்ணாடி தயாரானதும் அதைப் போட்டுக்கொண்டு எழுந்தவர், அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"தரை சாயுதே."

"ரெண்டு நாள்ல அட்ஜஸ்ட் ஆயிடும் சார்."

"எது? கண்ணாடியா, நானா?"

"ஆளுக்குக் கொஞ்சம் சார்," என்றாள்.

மனைவி தன் கண்ணாடியோடு கடைப் படியில் காலால் துழாவித் துழாவி இறங்கினாள். உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "இருக்கு" என்றாள். பிறகு, "போன தடவையும் பத்து நாள் ரெண்டு பேருக்கும் தலை சுத்துச்சே. அப்புறம் சரியாகலையா?" என்றாள்.

"அது கல்யாண அலைச்சல்," என்றார் அவர். "நீ ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

மறுநாள் பட்டறையில் ஒரு மருந்துக்கடைத் தராசு வந்திருந்தது. அதன் மேல் சரிமட்டம் காட்டும் ரசமட்டத்தை வைத்தார். குமிழ் நட்டநடுவில் நின்றது. ஆனால் தராசு சாய்ந்திருந்தது. கண்ணால் பார்க்கிறாரே, பொய்யா? ரசமட்டத்துக்கும் வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி, கண்ணை மட்டும் நம்பித் தராசின் காலைத் திருகி, முள்ளை நிமிர்த்தி அனுப்பிவைத்தார். எடை தப்பாகக் காட்டுகிறது என்று சாயங்காலமே தராசு திரும்பி வந்தது.

"முள்ளு, இது நீங்க பார்த்ததா?" என்று முதலாளி நம்பமுடியாமல் கேட்டார். "உங்க கையால போன சாமான் திரும்பி வந்ததே கிடையாதே."

"ரசமட்டம் கெட்டுப்போச்சுங்க."

முதலாளி இன்னொரு ரசமட்டத்தை எடுத்துவந்தார். பிறகு மூன்றாவதையும். மூன்றும் ஒரே பேச்சுப் பேசின.

"மூணுமா கெட்டுப்போச்சு?"

"ஒரே கம்பெனி," என்றார் அவர்.

முதலாளி அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "வீட்ல கொஞ்சம் ஓய்வா இருங்க. லீவுல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." வீட்டுக்குப் போ என்பதும் அந்தச் சொல்லின் பொருள்களில் ஒன்று என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

பழைய கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்களேன் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். கழித்துக்கட்டிய எடைக்கல்லை மறுபடி தராசில் வைக்கிற வழக்கம் தன்னிடம் இல்லை என்றுவிட்டார். அவள் இரண்டு பழைய கண்ணாடிகளையும் எடுத்துத் தன் தையல் பையில் போட்டுக்கொண்டாள். ஒட்டுத்துணியைக்கூடத் தூக்கிப் போடாதவள்.

ஆக, வேலைக்குப் பழகிய கை வீட்டில் சும்மா இருந்தது. வீடோ முழுக்கக் கோணலாக இருந்தது. கடிகாரத்தை நிமிர்த்தினார், அது நின்றுபோனது. சுவர்ப் பலகையை நிமிர்த்தினார், அதிலிருந்த ஜாடி உருண்டு விழுந்து உடைந்தது. அதன் பிறகுதான் மேஜை. மேஜையின் மூன்றாவது காலும் ஒருவழியாக முடிந்ததும் கட்டிலுக்கு வந்தார். இடது பக்கக் கால்களுக்குக் கீழே தடித்த பலகையைக் கொடுத்துத் தூக்கிவைத்துவிட்டு, எட்ட நின்று பார்த்துத் திருப்திப்பட்டார்.

மத்தியானம் சற்றுத் தலைசாய்க்கப் போன மனைவி, படுத்த வேகத்தில் உருண்டு தரைக்கு வந்தாள்.

"கட்டில்லேருந்து விழுந்துட்டேங்க."

"விழலை. கட்டில் நேரா இருக்கு. நீதான் சாஞ்சு படுத்திருக்க."

அவள் இடுப்பைத் தடவிக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்தபடி வாசல் அறைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். அவள் இரண்டு நாளாகவே சுவரைப் பிடித்துத்தான் நடந்துகொண்டிருந்தாள். அதை அவர் பார்த்தார். ஆனால் அவருடைய கவனம் சுவரின் மேல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி கால்சட்டையோடு வந்து நின்றாள். அவள் கணவருடையது. முந்தின நாள் இங்கே நீளம் குறைத்துத் தைத்து வாங்கிப் போனது. விரித்துப் பிடித்தபோது ஒரு கால் இன்னொரு காலைவிட நாலு விரல் நீளமாகத் தொங்கியது.

"பரவாயில்லைக்கா," என்றாள் டீச்சர் சங்கடத்தோடு. "ஒரு பக்கம் மடிச்சுவிட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்னு அவரே சொல்லிட்டார். மத்த ரெண்டு துணியைத் தைக்க வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்."

மனைவி கால்சட்டையை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"துணி கோணலா இழுக்குது," என்றாள் மெல்ல.

அப்போது அவர் சும்மா இருந்திருக்கலாம். முள்ளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார்.

டீச்சர் துணிகளை வாரிக்கொண்டு படியிறங்கினாள். மனைவி ஊசியைக் குத்திவைத்தாள், நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள், கத்தரிக்கோலைத் துணியில் சுற்றினாள்.

"கூடத்தைக் கோணல்னு நான் சொல்லலை," என்றாள். "நீங்கதான் சொல்லிக்கிட்டுத் திரியறீங்க. என்கிட்டேருந்து ஒரு தையல் திரும்பி வந்ததில்லை. முதல் தடவையா வந்து நிக்குது, எனக்குக் கை நடுங்குது. மேஜை சாயறது உங்களுக்குத் தெரியுது. நான் சாயறது தெரியலை."

"எங்கே கிளம்பிட்டே?"

"தங்கச்சி வீட்டுக்கு. வீடு நேரானதும் சொல்லி அனுப்புங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை. சாத்தியிருந்தால் சண்டை என்று வைத்துக்கொள்ளலாம். மெதுவாகச் சாத்திவிட்டுப் போனதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் தானே எதையோ ஆக்கித் தட்டில் போட்டுக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்தார். முழங்கால் இடித்தது. தட்டு நகர்ந்து நகர்ந்து மறுமுனைக்குப் போனது. கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். எதிரில் அவள் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. இரண்டு தட்டுத் தராசில் ஒரு தட்டைக் கழற்றிவிட்டால் மற்றது எங்கே போய் விழும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தபோது அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டை விட்டார். அது போய்க் கீழே விழுந்தது.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு மச்சினி வீட்டுக்குப் போனார். சகலைதான் கதவைத் திறந்தார். அதிகம் பேசாத மனிதர்.

"வாங்க சகலை. தயங்காம வாங்க. எங்க வாசப்படி நேராத்தான் இருக்கு."

செய்தி வந்து சேர்ந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. "அவ எங்கே?"

"முகம் கழுவப் போயிருக்காங்க. ராத்திரி முழுக்க அக்காவும் தங்கச்சியும் பேசிக்கிட்டிருந்தாங்க. உங்களைப் பத்தித்தான். நான் தூங்கற மாதிரி அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்."

அந்தச் சொல்லை இந்த இடத்தில் அவர் திருத்தப்போகவில்லை. மேஜையருகே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்து, முகத்தைத் துடைத்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழகியிருந்தால் வார்த்தை வந்திருக்கும். கையால் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

உலகம் நிமிர்ந்து நின்றது.

ஜன்னல் நேராக இருந்தது. கதவு நேராக இருந்தது. தரை சாதுவாக அடங்கிக் கிடந்தது.

"சகலை, அப்படியே நில்லுங்க."

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நேரா நிக்கறீங்க."

"என்னை இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை," என்றார் சகலை. சட்டையை இழுத்துவிட்டு இன்னும் நேராக நின்றார்.

முள்ளு குனிந்து மேஜையைப் பார்த்தார். அங்கே இன்னொரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. மனைவி முகம் கழுவப் போகுமுன் வைத்துவிட்டுப் போனது. அதன் பக்கத்தில் தன்னுடையதை வைத்து, மாற்றி எடுத்திருக்கிறார். விஷயம் விளங்கிப்போயிற்று.

மனைவி முகத்தைத் துடைத்தபடி வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள்.

"ஒண்ணும் பேசாதே. முதல்ல இதைப் போட்டுப் பாரு," என்று மேஜையிலிருந்த தன் கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

அவள் போட்டுக்கொண்டாள். தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். தையல் பையைத் திறந்து ஊசியை எடுத்து, ஒரே தடவையில் நூலைக் கோத்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கை நடுங்கலைங்க," என்றாள். கண்ணில் நீர் நின்றது.

"உன் கைக்கு ஒண்ணும் இல்லை. அந்தக் கடைக்காரப் பொண்ணு என்னுதை உனக்கும் உன்னுதை எனக்கும் மாத்திக் குடுத்துட்டா." அவர் மேஜை விளிம்பைத் தடவினார். "நான் அந்தப் பழமொழியைச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுது."

சகலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த வாக்கியத்தைக் கேட்டதாக வெளியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"அதான் மாத்திக்கிட்டோமே," என்றாள் மனைவி. "விட்டுடுங்க. இத்தோட அட்ஜஸ்ட்..."

"இதுல அட்ஜஸ்ட்டே கிடையாது. ஒரு வீட்டையே பிரிச்சிருக்கா அந்தப் பொண்ணு. கேட்டே ஆகணும்."

"சரி, நானும் வரேன். ஆனா இனிமே வீட்ல ஒரு காலையும் அறுக்கக் கூடாது. சம்மதம்னா அங்கேருந்து அப்படியே வீட்டுக்கு வரேன்."

"சம்மதம்," என்றார். அறுக்க ஒரே ஒரு கால்தான் மிச்சம் என்பதை அவர் சொல்லவில்லை.

கண்ணாடிக்கடையில் கூட்டமில்லை. இருவரும் போட்டிருந்த கண்ணாடிகளைக் கழற்றி வாங்கி, அவர் கடை மேஜையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் கோபமா பேசலைம்மா. எங்க தொழில்ல ஒருத்தர் தராசை இன்னொருத்தர்கிட்ட மாத்திக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? ஒரு மேஜை போச்சு. ஒரு கடிகாரம் போச்சு. என் பேரு போச்சு, இவ பேரு போச்சு. இவளே போக இருந்தா."

கடைப் பெண் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மெஷினில் வைத்துப் பார்த்தாள். தன் குறிப்போடு ஒப்பிட்டாள்.

"சார், இப்ப நீங்க போட்டுக்கிட்டு வந்ததுதான் அம்மாவோடது."

"அதெப்படி? இதுலதானே எனக்கு நேரா தெரியுது?"

"போட்டுக்கிட்டு சுவர்ல இருக்கற எழுத்துப் பலகையில கடைசி வரியைப் படிங்க."

அவர் படித்தார். அதாவது, படிக்கப் பார்த்தார். கடைசி வரியில் எறும்புகள் ஊர்ந்தன. கடைப் பெண் அவருக்கென்று செய்த கண்ணாடியை மாற்றி மாட்டிவிட்டாள். பலகை உடனே சாய்ந்தது. ஆனால் கடைசி வரி துல்லியமாகத் தெரிந்தது. அதற்கும் கீழே மூலையில் இருந்த அச்சகத்தின் பெயர்கூடத் தெரிந்தது. மனைவிக்கும் அதே கதைதான். அவளுக்கென்று செய்த கண்ணாடியில் எழுத்துத் தெளிவாக இருந்தது, சுவர்தான் கோணலாக நின்றது.

"புதுசு ரெண்டுமே சரிதான் சார்."

"சரியான கண்ணாடியில ரெண்டு பேருக்கும் எப்படிம்மா எல்லாம் கோணலா தெரியும்?" என்று மனைவி கேட்டாள்.

"அதுக்குத்தாம்மா நான் அன்னைக்கே பழசைக் கேட்டேன்."

மனைவி தையல் பைக்குள் கையை விட்டு, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து இரண்டு பழைய கறுப்புக் கண்ணாடிகளையும் எடுத்துக் கொடுத்தாள். காம்பில் நீல நூல் சுற்றியது அவருடையது, சுற்றாதது தன்னுடையது என்றாள். வாங்கிய அன்றைக்கே நூலைச் சுற்றியது அவள்தான்.

கடைப் பெண் நீல நூல் கண்ணாடியை மெஷினில் வைத்தாள். பவர் எண்ணைப் பார்த்தாள். மற்றதை வைத்தாள். மறுபடி முதலாவதை வைத்தாள். இரண்டு கையிலும் இரண்டையும் பிடித்துக்கொண்டு, அவரை ஒரு முறையும் அவளை ஒரு முறையும் பார்த்தாள். கடையில் வேறு யாரும் இல்லாவிட்டாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், மாறினது இப்ப இல்லை, பழசு வாங்கின அன்னைக்கே. அப்பலேருந்து நீங்க அம்மா கண்ணாடியிலயும், அம்மா உங்க கண்ணாடியிலயும்தான் பார்த்துப் பார்த்து அட்ஜஸ்ட் ஆகியிருக்கீங்க."